வாசகர் கேள்விகள்: முதல் 100 பிக்கோ நொடிகள்

கதிர் பட்டதும் மின்னி அணையும் பொருளே சிண்டிலேட்டர். அந்த மின்னலை ஓர் ஒளியுணரி மின்துடிப்பாக மாற்றுகிறது. துடிப்பின் அளவு கதிரின் ஆற்றலையும், அது எழும் கணம் கதிர் வந்த நேரத்தையும் சொல்கின்றன என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அந்தப் பதிலின் கடைசிப் பகுதியை, அதாவது நேரத்தைப் பற்றிய பகுதியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் இம்முறை மிகுதி. ஆகவே இந்தப் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு படிகம் மிகுந்த ஒளி தரக்கூடியது என்று பாடத்தில் படித்தோம். ஒளி மிகுந்தால் துடிப்பு பெரிதாக இருக்கும். பெரிய துடிப்பின் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியும் அல்லவா? பிறகு ஏன் நேரத்தை அளக்கும் வேலைக்கு மட்டும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்? (இயற்பியல் இளநிலை மாணவர்)

பதில்: ஒளி எவ்வளவு என்று கேட்ட நீங்கள், அது எவ்வளவு நேரத்தில் வந்து முடிகிறது என்றும் கேட்டிருந்தால் விடை தானாகவே கிடைத்திருக்கும். சோடியம் அயோடைடில் 1 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் (அதாவது 1 மெகா எலெக்ட்ரான்வோல்ட்) ஆற்றல் இறங்கினால் சுமார் 38,000 ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், வெளிப்படுகின்றன. ஆனால் அவற்றின் தணிவுக் காலம் ஏறத்தாழ 230 நானோ நொடி (நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு; பிக்கோ நொடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதாவது அத்தனை நேரம் கழிந்த பிறகும் 37 விழுக்காடு ஒளி இன்னும் வெளிவராமல் மீதம் இருக்கும்.

எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது பிறக்கும் 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் காமாக் கதிர் ஒன்று இந்தப் படிகத்தில் முழுமையாக உறிஞ்சப்படுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 19,000 ஃபோட்டான்கள் கிடைக்கும். இதைத் தணிவுக் காலத்தால் வகுத்தால், தொடக்க விகிதம் நானோ நொடிக்கு 84 என்று வருகிறது. முதல் 100 பிக்கோ நொடிகளுக்குள் பிறப்பவை எட்டே எட்டு. அந்த எட்டும் ஒளியுணரியை நோக்கியே கிளம்புவதில்லை. எல்லாத் திசைகளிலும் சிதறி, சுவரில் மோதித் திரும்பி, ஐந்தில் ஒன்றுதான் சமிக்ஞையாகப் பதிகிறது என்று கொண்டால், கதிர் வந்த கணத்துக்குச் சாட்சி சொல்ல மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. பின்னால் வரும் ஆயிரக்கணக்கான ஃபோட்டான்கள் ஆற்றலை அளக்க உதவுமே தவிர, எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு அவற்றால் பெரிதாக எதுவும் சொல்ல இயலாது.

இதே கணக்கை வேறு பொருள்களுக்கும் போட்டுப் பாருங்கள். சீரியம் சேர்த்த லுட்டீசியம் ஆக்சி ஆர்த்தோசிலிக்கேட், சுருக்கமாக எல்எஸ்ஓ, மெகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு ஏறத்தாழ 30,000 ஃபோட்டான்களைத் தருகிறது. சோடியம் அயோடைடை விடக் குறைவுதான். ஆனால் தணிவுக் காலம் 40 நானோ நொடி என்பதால் முதல் 100 பிக்கோ நொடிகளில் கிடைப்பவை 37 அல்லது 38. சீரியம் சேர்த்த லந்தனம் புரோமைடில் ஒளியும் அதிகம் (63,000), தணிவும் விரைவு (16 நானோ நொடி). அங்கே இந்த எண் 200-ஐத் தொடுகிறது. படிகம் தன் முழு வேகத்தில் ஒளிரத் தொடங்குவதற்கு ஆகும் எழுச்சி நேரத்தை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் எல்லாமே சற்றுக் குறையும். சிலவற்றில் வரிசையும் மாறக்கூடும்.

நேரப் பிழை, தணிவுக் காலத்தை ஃபோட்டான் எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது என்பது இத்துறையில் நாள்தோறும் புழங்கும் விதி. அந்த வர்க்க மூலம் சற்றுக் கறாரானது: பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் தொடக்க ஒளியை நான்கு மடங்காக்கியாக வேண்டும். 1948-இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாடர் அறிமுகப்படுத்திய நாள் தொட்டு ஆற்றலை அளக்கும் பணியில் சோடியம் அயோடைடு நிலைத்து நிற்பதில் நியாயம் உண்டு. நேரம் என்று வந்தால் அது ஆள் மாற வேண்டிய இடம்.

கேள்வி: சீரியம் சேர்த்த படிகங்களை எத்தனை ஆண்டுகளாகவோ மேம்படுத்துகிறார்கள், ஆனாலும் தணிவுக் காலம் 16 நானோ நொடிக்குக் கீழே இறங்கியதாகத் தெரியவில்லையே. நல்ல படிகமாக வளர்த்தால் 1 நானோ நொடிக்குக் கொண்டுவர முடியாதா? (முதுநிலை மாணவி)

பதில்: முடியாது. இது படிகம் வளர்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்த விஷயம் அல்ல. அணுவே வைத்திருக்கும் எல்லை.

கதிர் படிகத்துக்குள் நுழைந்ததும் எலெக்ட்ரான்களை, அவை தடையின்றி ஓடக்கூடிய ஆற்றல் மட்டமான கடத்துப் பட்டைக்குத் தூக்கி எறிகிறது. அவை விட்டுச்சென்ற இணைதிறன் பட்டையில் மின்துளைகள் எனப்படும் காலியிடங்கள் தோன்றுகின்றன. சூடான இந்தக் கூட்டம் தணிந்து, படிகத்துக்குள் அலைந்து, ஒளிரும் மையம் ஒன்றைச் சேர வேண்டும். அந்த அலைச்சலின் நேரமே பெரும்பாலும் எழுச்சி நேரமாகத் தெரிகிறது. மையத்தைச் சேர்ந்த பிறகு, அது கிளர்ந்த நிலையிலிருந்து இறங்கி ஒளி உமிழ எடுத்துக்கொள்ளும் நேரமே தணிவுக் காலம். சோடியம் அயோடைடில் ஒளிரும் மையமாக இருக்கும் தாலியத்தில் இந்த இறக்கம் குவாண்டம் விதிகளின்படி ஏறக்குறைய தடை செய்யப்பட்ட ஒன்று. ஆகவே தயங்கித் தயங்கி நடக்கிறது. சீரியத்தில் எலெக்ட்ரான் 5டி என்னும் ஆற்றல் மட்டத்திலிருந்து 4எஃப் மட்டத்துக்கு இறங்குவது முழுமையாக அனுமதிக்கப்பட்டது. ஆகவே விரைவாக நடக்கிறது. ஆனால் அனுமதிக்கப்பட்ட இறக்கத்துக்கும் ஓர் இயல்பான வேகம் உண்டு. அது வெளிவரும் ஒளியின் அலைநீளத்தையும் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணையும் சார்ந்தது. அலைநீளம் குறையக் குறைய இறக்கம் விரைவாகும் என்றாலும், சீரியத்தைப் பொறுத்தவரை சில பத்து நானோ நொடிகள் என்ற வட்டத்தை விட்டு அது வெளியே வருவதில்லை. லந்தனம் புரோமைடின் 16 நானோ நொடி அந்த வட்டத்தின் விளிம்பில் இருக்கிறது.

ஆகவே 1 நானோ நொடியை விரும்புகிறவர்கள் ஒளிரும் வழியையே மாற்ற வேண்டியிருக்கிறது. பேரியம் ஃபுளோரைடு அப்படிப்பட்டது. கதிர் அதில் இணைதிறன் பட்டைக்கும் கீழே, பேரியத்தின் உள்ளகப் பட்டை ஒன்றில் மின்துளையை உண்டாக்க வல்லது. மேலிருக்கும் ஃபுளோரின் இணைதிறன் பட்டையில் எலெக்ட்ரான்கள் நிரம்பி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று உடனே கீழிறங்கித் துளையை நிரப்புகிறது. யாரும் எங்கும் அலைந்து மையம் தேட வேண்டியதில்லை; நிரப்ப வேண்டியவர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். அதனால் 195, 220 நானோ மீட்டர் அலைநீளங்களில் வரும் இந்த ஒளி 0.6 முதல் 0.8 நானோ நொடிக்குள் தணிந்துவிடுகிறது. உள்ளகப் பட்டைக்கும் இணைதிறன் பட்டைக்கும் இடையிலான தொலைவு படிகத்தின் ஆற்றல் இடைவெளியைவிட (இணைதிறன் பட்டைக்கும் கடத்துப் பட்டைக்கும் இடையிலான தொலைவைவிட)ச் சிறிதாக இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். இல்லையேல் அந்த ஆற்றல் இன்னொரு எலெக்ட்ரானை உதைத்துத் தள்ளுவதில் செலவாகிவிடும். இந்த நிபந்தனைக்கு உட்படும் படிகங்கள் கைவிட்டு எண்ணத்தக்க சில ஹாலைடுகளே.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒளியை மின்துடிப்பாக்கும் பழைய ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்றில் பேரியம் ஃபுளோரைடு படிகத்தைப் பொருத்தினேன். ஆசிலாஸ்கோப் திரையில் அகன்ற, சோம்பலான துடிப்பு மட்டுமே தெரிகிறது. வேகமான பகுதியைக் காணவில்லை. படிகம் கெட்டுவிட்டதா? (ஆய்வக உதவியாளர்)

பதில்: படிகத்தைக் குறை சொல்லுமுன் குழாயின் முகத்தைப் பாருங்கள். அது சாதாரண போரோசிலிக்கேட் கண்ணாடியாக இருந்தால் 220 நானோ மீட்டர் ஒளி அதைத் தாண்டி உள்ளே போகவே போகாது. பேரியம் ஃபுளோரைடு இரண்டு குரலில் பேசுகிறது: ஒன்று மேலே சொன்ன விரைவான ஆழ் புற ஊதா ஒளி, மற்றொன்று 310 நானோ மீட்டருக்கு அருகில், சுமார் 630 நானோ நொடி நீடிக்கும் மெதுவான ஒளி. கண்ணாடி முதலாவதை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

குவார்ட்ஸ் முகம் உள்ள குழாயை இரவல் வாங்கியேனும் பொருத்திப் பாருங்கள். படிகத்தையும் குழாயையும் இணைக்கச் சாதாரண ஆப்டிகல் கிரீஸ் கூடாது. புற ஊதாவை விடும் சிலிக்கோன் எண்ணெய் வேண்டும். திரையில் முதலில் ஊசி போல ஒரு கூர்முனை, அது சட்டென்று அடங்கும்போது அதன் பின்னே நீண்டு படரும் தாழ்ந்த மேடு என இரண்டும் சேர்ந்து தெரியும். பிறகு நுண்ணோக்கிக்கு வைத்திருக்கும் கண்ணாடித் தகடு ஒன்றை இடையில் செருகினால் ஊசி மறைந்து மேடு மட்டும் மிஞ்சும். மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை.

மெகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு அந்த ஊசியில் இருப்பவை சுமார் 1,400 ஃபோட்டான்கள். மேட்டில் இருப்பவை ஏறத்தாழ 10,000. கதிர்கள் அடுத்தடுத்து விரைவாக வரும் இடங்களில் ஒரு மேட்டின் மீது அடுத்த ஊசி ஏறிக்கொண்டு தொல்லை தரும். இட்ரியம் சேர்த்து மேட்டைப் பெருமளவு அமுக்கி, ஊசியை ஏறக்குறைய அப்படியே விட்டுவைக்கும் படிகங்களை இப்போது வளர்க்கிறார்கள். துகள் இயற்பியலார் அவற்றில் ஆர்வம் காட்டுவது இதனால்தான்.

கேள்வி: பென்சோஃபீனோன் கலந்து தணிவுக் காலத்தைப் பாதியாகக் குறைத்த பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் கிடைக்கிறது. அதை வாங்கினால் நேரத் துல்லியம் உயருமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பெரும்பாலும் உயராது. பென்சோஃபீனோன் ஒளிரும் மூலக்கூறுகளை விரைவாக ஒளிரச் செய்வதில்லை. ஒளிராமலே அடங்கும்படி சிலவற்றை ஆற்றுப்படுத்துகிறது. தணிவுக் காலம் பாதியாகும்போது ஒளியும் ஏறத்தாழப் பாதியாகிறது. முதல் கேள்விக்குச் சொன்ன வகுத்தலைச் செய்து பாருங்கள்: மேலும் கீழும் பாதியானால் விகிதம் மாறுவதில்லை, முதல் 100 பிக்கோ நொடிகளில் அதே எண்ணிக்கைதான். வால் குட்டையாவதால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும். செறிவான கதிர்க்கற்றைக்கு முன்னால் அமரும் கருவிக்கு அது பெரிய உதவி. அந்தத் தேவை உங்களுக்கு இல்லையென்றால் 1.5 நானோ நொடி அளவில் தணியும் வழக்கமான விரைவு பிளாஸ்டிக்கே போதும். விண்ணிலிருந்து வரும் கதிர்களால் பிறக்கும் மியூவான் துகள் ஒன்று பிளாஸ்டிக்கில் ஒரு சென்டிமீட்டர் கடந்தால் சுமார் 2 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டை விட்டுச் செல்கிறது. அதாவது ஏறத்தாழ 20,000 ஃபோட்டான்கள், பஞ்சமே இல்லை.

கேள்வி: மருத்துவமனைப் பாசிட்ரான் படக் (PET) கருவிகளில் பறத்தல் நேரத்தை, அதாவது கதிர்கள் உணரியை வந்தடையும் நேரத்தை, அளப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். அதனால் படம் இன்னும் கூர்மையாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? (மருத்துவக் கதிரியல் தொழில்நுட்பப் பணியாளர்)

பதில்: கூர்மை என்ற சொல்லை விட்டுவிட்டு, இரைச்சல் குறைகிறது என்று சொன்னால் சரியாக இருக்கும். உடலுக்குள் பாசிட்ரான் அழியும் இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்புகின்றன. எதிரெதிரே உள்ள இரண்டு படிகங்கள் அவற்றைப் பிடித்தவுடன், அழிவு அந்த நேர்கோட்டில் எங்கோ நடந்தது என்பது மட்டும் தெரியும். எந்தக் கதிர் எவ்வளவு முந்தி வந்தது என்றும் தெரிந்தால், கோட்டில் எந்தப் பக்கமாக என்று சொல்லலாம். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. இரண்டு கதிர்களின் வேறுபாட்டைப் பார்ப்பதால் அதில் பாதி, அதாவது 1 நானோ நொடிக்கு 15 சென்டிமீட்டர் என்பது கணக்கு. இன்றைய சிறந்த கருவிகள் 200 பிக்கோ நொடிக்கு அருகில் இயங்குகின்றன. அது 3 சென்டிமீட்டர். படிகங்களின் அகலமோ சில மில்லிமீட்டர். படத்தின் கூர்மையை அந்த அகலமே பெரிதும் முடிவு செய்கிறது. 3 சென்டிமீட்டர் தகவலால் அதை வெல்ல முடியாது.

ஆனால் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உடலில், ஒவ்வொரு நிகழ்வையும் கோடு முழுக்கப் பரப்பாமல் 3 சென்டிமீட்டருக்குள் அடக்க முடிந்தால் அதன் இரைச்சல் மற்ற இடங்களைக் கெடுப்பதில்லை. எளிய மதிப்பீட்டின்படி, சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 30-ஐ 3-ஆல் வகுத்து வர்க்க மூலம் எடுத்த அளவு, அதாவது சுமார் 3 மடங்கு உயர்கிறது. பருத்த உடல்வாகு உள்ள நோயாளிக்கு இந்த ஆதாயம் இன்னும் கூடும். உடலில் செலுத்தும் கதிரியக்க மருந்தின் அளவையோ படமெடுக்கும் நேரத்தையோ குறைக்க இது இடம் தருகிறது.

இந்த யோசனைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1980-களிலேயே சீசியம் ஃபுளோரைடும் பேரியம் ஃபுளோரைடும் கொண்டு பறத்தல் நேரக் கருவிகளைக் கட்டினார்கள். அந்தப் படிகங்கள் விரைவானவை. ஆனால் 511 கதிரைத் தடுத்து நிறுத்துவதில் பலவீனமானவை. பிஜிஓ எனப்படும் பிஸ்மத் ஜெர்மனேட் அடர்த்தியானது (கன சென்டிமீட்டருக்கு 7.13 கிராம்), வேகம்தான் இல்லை. நிறுத்தும் திறனே அப்போது வென்றது. பறத்தல் நேரம் கிடப்பில் போனது. 1990-களில் சார்ல்ஸ் மெல்ச்சர் எல்எஸ்ஓவை வெளிக்கொண்டு வந்த பிறகே அடர்த்தி, ஒளி, வேகம் மூன்றும் ஒரே படிகத்தில் கூடின. 2006-இல் அதன் உறவுக்காரப் படிகமான எல்ஒய்எஸ்ஓவைக் கொண்ட வணிகக் கருவி சுமார் 600 பிக்கோ நொடித் துல்லியத்துடன் மருத்துவமனைகளுக்கு வந்தது.

10 பிக்கோ நொடியை எட்டினால் இடம் 1.5 மில்லிமீட்டருக்குத் தெரியும்; படத்தைக் கணித்து மீட்டெடுக்கும் வேலையே தேவைப்படாது என்பது இன்று பலரும் துரத்தும் இலக்கு. அதற்குக் குறுக்கே நிற்பது படிகத்தின் நீளமும்தான் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 20 மில்லிமீட்டர் நீளமான எல்ஒய்எஸ்ஓ படிகத்தின் முன்முனையில் கதிர் உறிஞ்சப்பட்டால், ஒளி பின்முனைக்கு நேராக வரவே 121 பிக்கோ நொடி ஆகிறது, ஏனெனில் படிகத்தின் ஒளிவிலகல் எண் 1.82. கதிர் பின்முனை வரை சென்று உறிஞ்சப்பட்டால் அதற்கு ஆவது 67 பிக்கோ நொடி மட்டுமே. எந்த ஆழத்தில் உறிஞ்சப்பட்டது என்று தெரியாத வரை, மற்ற எல்லாம் குறைவற இருந்தாலும், 54 பிக்கோ நொடி வரை குழப்பம் இருந்தே தீரும்.

கேள்வி: வேகமில்லை என்று நீங்களே சொல்லும் பிஜிஓ மீண்டும் நேரக் கணிப்பு ஆய்வுகளில் அடிபடுகிறதே, எப்படி? (முந்தைய கேள்வியை அனுப்பியவரின் சக பணியாளர்)

பதில்: பிஜிஓவுக்கு 300 நானோ நொடித் தணிவு, ஒளியும் குறைவு. முதல் 100 பிக்கோ நொடிகளில் ஒன்றரை ஃபோட்டான்கூடத் தேறாது. ஆனால் அதற்குள் சிண்டிலேஷன் அல்லாத இன்னோர் ஒளியும் இருக்கிறது. காமாக் கதிரிடமிருந்து ஆற்றலைப் பெற்ற எலெக்ட்ரான், படிகத்துக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாக ஓடினால் செரன்கோவ் ஒளி உமிழும். பிஜிஓவின் ஒளிவிலகல் எண் 2.15 என்பதால், எலெக்ட்ரானுக்கு சுமார் 66 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் இருந்தாலே அந்த எல்லை தாண்டப்பட்டுவிடுகிறது. ஒரு 511 நிகழ்வுக்குச் சராசரியாக ஏறத்தாழ 17 செரன்கோவ் ஃபோட்டான்கள் பிறக்கின்றன. அவை அனைத்தும் ஒரு சில பிக்கோ நொடிகளுக்குள் பிறந்துவிடுகின்றன. ஒன்றரைக்கும் பதினேழுக்கும் உள்ள வேறுபாடே பிஜிஓவுக்கு மறுவாழ்வு தந்தது. தனி ஃபோட்டானையே உணர வல்ல சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர்கள் நீல, புற ஊதா ஒளியில் திறன் பெற்ற பிறகே இது நடைமுறைக்கு வந்தது.

ஓர் எச்சரிக்கை. பதினேழு என்பது சராசரி. அதில் பதிவாவது நான்கைந்து என்றால், சில நிகழ்வுகளில் ஒன்றும் பதியாமல் போகும். அப்படிப்பட்ட நிகழ்வுகளின் நேரம் மெதுவான சிண்டிலேஷன் ஒளியை நம்பியே குறிக்கப்படும். ஆகவே நேரப் பரவலில் கூரான உச்சியும் அதைச் சுற்றி அகன்ற பாவாடையும் சேர்ந்தே இருக்கும். பாதி உயரத்து அகலத்தை மட்டும் வெளியிட்டால் எண் அழகாக இருக்கும். பத்தில் ஒரு பங்கு உயரத்து அகலத்தையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

செரன்கோவ் ஒளியை மட்டுமே நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் காட்டிவிட்டார்கள். 2021-இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் குழு ஒன்று, ஈயக் கண்ணாடியை நுண்தட ஒளிப்பெருக்கிக் குழாயின் முகமாகவே அமைத்து 32 பிக்கோ நொடியை எட்டியது. அது 4.8 மில்லிமீட்டர், கணித மீட்டெடுப்பு ஏதும் இல்லாமல் நேரடியாகவே படத்தை வரைந்தார்கள். உணர்திறன் குறைவு, ஆற்றலைப் பிரித்தறிய முடியாது என்பவை அதன் குறைகள்.

கேள்வி: புதிதாக வாங்கிய எல்ஒய்எஸ்ஓ படிகம், அருகில் கதிர்மூலம் எதுவும் இல்லாதபோதும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். இயற்கை லுட்டீசியத்தில் 2.6 விழுக்காடு லுட்டீசியம்-176. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 3,700 கோடி ஆண்டுகள். இதனால் ஒரு கன சென்டிமீட்டர் படிகத்தில் நொடிக்கு 300-ஐ ஒட்டிய சிதைவுகள் தாமாகவே நடக்கின்றன. இரண்டு படிகங்கள் ஒரே நேரத்தில் தந்த துடிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இது பெரும்பாலும் ஒதுங்கிவிடும். படிகத்தோடு கூடவே பிறந்த கதிர்மூலம் என்று நினைத்து, ஒவ்வொரு நாள் காலையிலும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதையே பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

கேள்வி: பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்கள் ஒரு நானோ நொடிக்கும் குறைவாகவே ஒளிர்கின்றனவாம். இனிப் பெரிய படிகங்களை வளர்க்கும் தொழிலுக்கு வேலை இருக்காது என்கிறார்களே? (ஆய்வு மாணவர்)

பதில்: சீசியம் ஈய புரோமைடு நானோ படிகங்களும் காட்மியம் செலினைடு நானோ தகடுகளும் விரைவானவை என்பதில் ஐயமில்லை. பென்சோஃபீனோன் போல ஒளியைக் கொன்று பெற்ற வேகம் அல்ல இது. எலெக்ட்ரானையும் துளையையும் மிகச் சிறிய இடத்தில் அடைத்து வைப்பதால் அவை உண்மையாகவே விரைந்து சேர்ந்து ஒளிர்கின்றன. ஆகவே தொடக்க விகிதம் மெய்யாகவே உயர்கிறது. ஆயினும் 511 கதிரைத் தடுக்க 10, 20 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். நானோ படிகங்களை அத்தனை தடிமனுக்கு அடுக்கினால், ஒன்று உமிழ்ந்த ஒளியை அடுத்தது விழுங்கிவிடும். பாலிமரில் சிறிதளவு தூவி வைத்தால் ஒளி வெளியே வரும், அடர்த்தி போய்விடும்.

இதற்கு ஒரு சமரசம் உண்டு. பிஜிஓ அல்லது எல்எஸ்ஓவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு மூன்று பங்கு தடிமனுள்ள தகடுகளாக அறுத்து, இடையிடையே விரைவான பொருளை மெல்லிய ஏடாக வைத்து அடுக்குகிறார்கள். கனமான தகடு காமாக் கதிரைத் தடுக்கிறது. அதிலிருந்து உதைபட்டுக் கிளம்பும் எலெக்ட்ரான் பக்கத்து ஏட்டுக்குள் தாவி, தன் ஆற்றலில் ஒரு பகுதியை அங்கே விட்டு, விரைவான மின்னல் ஒன்றை எழுப்புகிறது. தடுப்பது ஒருவர், நேரம் சொல்வது மற்றொருவர். என் கணிப்பில் நானோ படிகங்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் கிடைக்கக்கூடிய உத்தியோகம் இந்த ஏட்டில்தான். கனமான படிகத்தை வளர்ப்பவர் உலையை அணைத்துவிட வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் இரண்டு எல்ஒய்எஸ்ஓ உணரிகளின் நேரத் துல்லியம் 200 பிக்கோ நொடி என்று விற்றவர் எழுதித் தந்திருக்கிறார். கையில் பாசிட்ரானை உமிழும் சோடியம்-22 மூலம் ஒன்று இருக்கிறது. நாங்களே சரிபார்க்க வழி உண்டா? (கல்லூரி ஆசிரியை)

பதில்: உண்டு. அதற்கு வேண்டிய அளவுகோலை ஒளியே தந்துவிடுகிறது. இரண்டு உணரிகளையும் எதிரெதிரே வைத்து, நடுவில் மூலத்தை வையுங்கள். இரண்டிலும் 511 உச்சியில் விழுந்த துடிப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். சிறு துடிப்புகளையும் சேர்த்துக்கொண்டால், நேரம் குறிக்கப்படும் வாசல் அளவை அவை தாண்ட நேரமாவதால் உச்சி தேவையின்றி அகன்றுவிடும். நேர வேறுபாட்டின் பரவலை வரைந்த பின், உணரிகளைத் தொடாமல் மூலத்தை மட்டும் ஒன்றை நோக்கி 1.5 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். உச்சி சரியாக 100 பிக்கோ நொடி நகர வேண்டும். நகர்ந்த தூரத்தைக் கொண்டு வரைபடத்தின் அச்சைச் சரிசெய்து, உச்சியின் பாதி உயரத்து அகலத்தை அளந்தால் விடை கிடைக்கும்.

கேபிள்களைக் கவனியுங்கள். ஆய்வகங்களில் புழங்கும் ஓரச்சு கேபிளில் சமிக்ஞை ஒரு மீட்டருக்கு சுமார் 5 நானோ நொடி எடுக்கிறது. 2 சென்டிமீட்டர் வேறுபாடே 100 பிக்கோ நொடி. நான் ஒருமுறை இரட்டை உச்சியைப் பார்த்து, படிகத்தில்தான் ஏதோ புதுமை என்று மூன்று நாள் மகிழ்ந்திருந்தேன். தளர்ந்திருந்த இணைப்பி ஒன்றைத் திருகியதும் புதுமை போய்விட்டது.

விற்றவரின் 200 எதைக் குறிக்கிறது என்றும் கேளுங்கள். மருத்துவக் கருவித் துறையினர் இரண்டு உணரிகளுக்கும் சேர்த்து, பாதி உயரத்து அகலத்தைச் சொல்வது வழக்கம். துகள் இயற்பியலார் ஓர் உணரிக்கான திட்ட விலக்கத்தைச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, முதலில் இரண்டின் வர்க்க மூலத்தாலும் பிறகு 2.355-ஆலும் வகுக்க வேண்டும். 200 என்பது 60 ஆகிவிடும். செர்ன் ஆய்வகத்தில் துகள் மோதல்களைப் பதியும் சிஎம்எஸ் கருவியில் பொருத்தப்படவுள்ள எல்ஒய்எஸ்ஓ அடுக்குக்குத் தொடக்கத்தில் 30 முதல் 40 பிக்கோ நொடி என்று இலக்கு வைத்திருப்பதைப் பார்த்து, உங்கள் உணரிகளைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அது திட்ட விலக்கம். அங்கே பாயும் துகள் படிகத்தில் விட்டுச் செல்வது சுமார் 4 மெகா எலெக்ட்ரான்வோல்ட், உங்கள் காமாக் கதிர் தருவதைப் போல எட்டு மடங்கு. படிகத்தின் இரு முனைகளிலும் ஒளியைப் படித்துச் சராசரி எடுக்கிறார்கள். நீங்கள் ஒரு முனையில்தான் படிக்கிறீர்கள் என்றால், அளந்து பார்த்து 220 வந்தாலும் விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; படிகத்தைச் சுற்றியுள்ள வெள்ளை டெஃப்லான் நாடா ஓரங்களில் விலகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.